என் வியர்வைக்கு வைத்த ஏசி

எங்கள் ஆபரேஷன் தியேட்டர் சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டர் உடைந்த நாளிலிருந்து அந்த வேலையையும் நான்தான் பார்த்துவந்தேன். விழுப்புரத்தில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி அது. ஒரே தியேட்டர், ஒரே சர்ஜன். அவர் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்க ஒரு நர்ஸ், தியேட்டருக்குள் மற்ற வேலை எல்லாவற்றுக்கும் இன்னொரு நர்ஸாக நான், துடைக்கவும் கழுவவும் ஓர் ஆயாம்மா. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா மட்டும் ஆபரேஷன் நாட்களில் புதுச்சேரியிலிருந்து காரில் வந்துபோவார். புதுத் தெர்மாமீட்டர் வாங்க வேண்டும் என்று எல்லோருமே நினைத்தோம். எல்லோரும் நினைத்ததாலேயே யாரும் வாங்கவில்லை. ஏசி ரிமோட்டின் திரையிலும் எண்கள் பாதிதான் தெரியும். ஆகவே சர்ஜன் கை கழுவிவிட்டு உள்ளே வந்ததும் என்னைத்தான் கேட்பார்.

"சிஸ்டர், ரூம் எப்பிடி இருக்குது?"

நான் ஒரு நிமிஷம் அசையாமல் நின்று பார்ப்பேன். முதுகில் ஈரம் தெரிந்தால் ரிமோட்டை எடுத்து இரண்டு அழுத்து அழுத்துவேன். தெரியாவிட்டால் "ஓகே சார்" என்பேன். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு கோளாறுதான். நான் தொண்ணூற்றிரண்டு கிலோ.

மார்கழி மாதம் மாதா கோயில் அதிகாலைப் பூசைக்குப் போனாலும் கையில் விசிறியோடு உட்காருகிற ஆள் நான். திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரத்தில் இறங்குவதற்குள் புடவை தோளோடு ஒட்டிக்கொள்ளும். தியேட்டருக்குள் நுழைந்து அந்தக் குளிர் காற்று கழுத்தில் படும்போதுதான் எனக்குப் பொழுதே விடியும். சர்ஜனும் அதே கட்சி. கவுன், கையுறை, மாஸ்க், மண்டைக்கு மேலே விளக்கு என்று நிற்கிறவருக்குக் குளிர்ச்சி இருந்தால்தானே கை ஓடும்.

எதிர்க்கட்சியில் டாக்டரம்மா ஒருவர்தான். ஒடிசலான ஆள். சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் ஒரு சால்வையும் சுற்றிக்கொண்டு நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார். அவர் குளிருகிறது என்று சொன்னால் யாரும் மதிக்கமாட்டோம். அவருக்கு எப்போதுதான் குளிரவில்லை?

"சிஸ்டர், உங்களுக்கு வேர்க்குதுன்னு பேஷன்ட்டை ஐஸ் பெட்டியில வெச்சிடாதீங்க" என்பார்.

நாங்கள் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார். ரிமோட் மட்டும் என் கையிலேயே இருக்கும்.

ஒருநாள் ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்தார். என்னையே இளைத்தவள் என்று சொல்ல வைக்கிற உடம்பு. அவருக்கு அடுத்து கண்டாச்சிபுரத்திலிருந்து ஒரு பெரியவர், விலா எலும்பை ஒன்று இரண்டு என்று எண்ணிவிடலாம். இரண்டுமே ஏறக்குறைய இரண்டு மணி நேர ஆபரேஷன். அந்த அம்மாளுக்கு உடம்புச் சூடு ஏதோ பேருக்குக் குறைந்தது. பெரியவருக்கோ விறுவிறுவென்று இறங்கி, எழுந்த பிறகு அரைமணி நேரம் கட்டில் கடகடவென்று ஆட நடுங்கினார். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு இரண்டு பேருடைய சூட்டைக் குறித்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"டம்ளர்ல இருக்கிற வெந்நீர் சீக்கிரம் ஆறிடும். அண்டாவுல இருக்கிறது ஆறுமா? அதுதான் சிஸ்டர் கணக்கு. குண்டா இருக்கிறவங்களுக்கு உள்ள இருக்கிற சூட்டுக்கு வெளித்தோல் கம்மி. தோலுக்கு அடியில கொழுப்பு வேற போர்வை மாதிரி. ஒல்லியா இருக்கிறவங்களுக்கு அது ரெண்டுமே இல்ல. மயக்கம் குடுத்ததும் நடு உடம்புல இருக்கிற சூடு கைகாலுக்கு ஓடும், அங்கேர்ந்து வெளியில போய்டும். தூங்குற உடம்புக்கு நடுங்கிச் சூடு பண்ணிக்கவும் தெரியாது."

இதில் நான் கற்றுக்கொள்ள வேண்டியது ஒல்லி ஆட்களைப் பற்றி. கற்றுக்கொண்டதோ என்னைப் பற்றி. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படித்த ஆள் என் உடம்பைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருக்கிறார். அதைக் காதில் வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் தியேட்டரிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் அதைச் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். ஐம்பது கிலோவைத் தொட்டதே இல்லை. கடையில் விற்கிற எந்த பெல்ட்டும் அவருக்குப் பத்தாது, அதாவது ஓட்டை பத்தாது. ஆணியும் சுத்தியும் வைத்து வீட்டிலேயே மூன்று ஓட்டை கூடுதலாகப் போட்டுக்கொள்வார். இப்படிப்பட்டவருக்கு என் உடம்பைக் கிண்டல் செய்வது சாப்பாட்டுக்கு ஊறுகாய் மாதிரி. அவர் காரில் நான் முன்சீட்டில் உட்கார்ந்தால், "கொஞ்சம் இரு, வண்டி சம்மதிக்குதான்னு பாக்கறேன்" என்பார். தவக்காலத்தில் நான் கறியை விட்டால், திண்டிவனம் தாலுகா ஆடெல்லாம் சேர்ந்து நன்றிப் பூசை கொடுத்திருப்பதாகச் சொல்வார். நானும் சும்மா இருப்பதில்லை. காற்று அடிக்கிற நாளில் அவர் மாடிக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று கிளம்பினால், பாக்கெட்டில் இரண்டு செங்கல் போட்டுக்கொண்டு போகச் சொல்வேன்.

அன்றைக்குக் கேப்பைக் கூழ் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே சொன்னேன். "நாளைக்கு ஒரு ஆபரேஷன்னு வந்தா நான் அண்டா. நீங்க டம்ளர். பெரிய படிப்புப் படிச்ச டாக்டரம்மா சொன்னாங்க."

"அண்டான்னு ஒத்துக்கினியே, அது போதும் எனுக்கு" என்றார் அவர்.

அப்புறம் ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. சாப்பிட்டால் வலி, சாப்பிடாவிட்டால் ஏப்பம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தின்றதுதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். ஸ்கேன் எடுத்தால் பித்தப்பையில் கல். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நாற்பது தாண்டிய குண்டுப் பெண்களுக்குத்தான் பித்தப்பைக் கல் அதிகம் என்று நர்சிங் படிக்கும்போது எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். என் பெயருக்கு வந்ததை இந்த மனுஷன் வழியிலேயே மறித்து வாங்கிக்கொண்டார் என்று தெரு முழுக்கச் சொன்னேன்.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்வது என்று முடிவாயிற்று. வயிற்றில் நாலு சின்ன ஓட்டை போட்டுக் கேமரா வைத்துச் செய்கிற ஆபரேஷன், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். சர்ஜன் என்னை வெளியே இருக்கச் சொன்னார். நான் வெளியே உட்கார்ந்தால் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? என் வீட்டுக்காரர் வயிற்றைத் திறந்து வைத்துவிட்டு நூல் டப்பாவைத் தேடுவார்கள். முடியாது என்றேன். சர்ஜனும் விட்டுவிட்டார்.

ஆபரேஷன் அன்று காலை டேபிளில் என் வீட்டுக்காரரைப் படுக்க வைத்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆயிரம் பேரை அந்த டேபிளில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். இன்றைக்கு முன்பக்கம் கட்டுகிற அந்தப் பச்சைக் கவுனில் கிடந்தவர் இவர். கவுனுக்குள் மூன்று பேர் இருக்கலாம், இவர் ஒருவர் இருந்தார். எனக்கு வேர்த்துக்கொட்டியது. வெயிலுக்கு வேர்ப்பது வேறு, பயத்துக்கு வேர்ப்பது வேறு என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. பழக்கதோஷத்தில் ரிமோட்டை எடுத்தேன். இரண்டு இல்லை, நாலு அழுத்து அழுத்தினேன்.

"சிஸ்டர், போதுமே" என்றார் டாக்டரம்மா, சால்வையை இழுத்துக்கொண்டு.

"ஒண்ணும் குளிரல மேடம்" என்றேன்.

என் வீட்டுக்காரர் படுத்த இடத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தமாதிரி இருந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டார். கிண்டல் வராத முதல் நாள். பயந்துவிட்டார் பாவம் என்று நினைத்து, "மாதாவ வேண்டிக்குங்க, ஒண்ணும் இல்ல" என்றேன். தலையை ஆட்டினார். மருந்து ஏறியது, கண் மூடியது.

ஒரு மணி நேரத்தில் முடியவில்லை. உள்ளே பித்தப்பை பக்கத்துக் குடலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. சர்ஜன் கேமராவை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் போராடினார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "சிஸ்டர், ஓப்பன் பண்ணித்தான் ஆகணும்" என்றார். வயிற்றைக் கிழித்துச் செய்கிற பழைய முறை. நான் ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தேன். பாட்டில் பாட்டிலாக சலைன் ஊற்றிக் கழுவினார்கள். அலமாரியிலிருந்து அப்படியே எடுத்த சலைன், அந்த ஏசியில் காலையிலிருந்து கிடந்தது. ஒவ்வொரு பாட்டிலையும் உடைத்துக் கொடுத்தது என் கைதான்.

மூன்றாவது மணி நேரத்தில் சர்ஜன் சொன்னார், "என்னது இது, கசிஞ்சிக்கினே இருக்குது. எவ்ளோ அமுக்கினாலும் நிக்க மாட்டேங்குது."

டாக்டரம்மா அப்போதுதான் மூக்கு வழியாகச் சூடு பார்க்கிற வயரைப் போட்டார். நான் மானிட்டரைப் பார்த்தேன். முப்பத்து நாலு. அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் இன்னொரு எண்ணும் இருந்தன, அவை என் கண்ணில் ஏறவில்லை. நல்ல உடம்பு முப்பத்தேழில் இருக்க வேண்டும்.

"சில்லுன்னு போன ரத்தம் உறையாது சார்" என்றார் டாக்டரம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, அதுவரை நான் கேட்டே இராத குரலில், "ஏசிய நிறுத்துங்க" என்றார்.

ரிமோட்டை எடுத்தேன். அவசரத்தில் அது கீழே விழுந்து பேட்டரி ஒரு பக்கம் ஓடியது. ஆயாம்மா ஸ்டூலில் ஏறி சுவிட்சையே அணைத்தார்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் சூடான காற்றை ஊதி நோயாளியைச் சூடாக வைக்கிற போர்வை இருக்கிறது. எங்களிடம் இருந்தது ஆயாம்மாவும் ஒரு எலக்ட்ரிக் கெட்டிலும். அவர் பக்கெட்டில் வெந்நீர் கலந்து சலைன் பாட்டில்களை அதில் போட்டுப் போட்டு எடுத்துக் கொடுத்தார். நான் பஞ்சு ரோலைப் பிரித்து என் வீட்டுக்காரருடைய இரண்டு காலையும் பாதத்திலிருந்து தொடைவரை சுற்றினேன். கைகளுக்கும் சுற்றினேன். தொட்ட இடமெல்லாம் கல்லாக இருந்தது. முப்பது வருஷமாகக் காற்றில் பறந்துவிடுவீர்கள் என்று கிண்டல் செய்த உடம்பு அது. அந்தக் காலில் கொஞ்சம் சதை இருக்கக் கூடாதா, என் இடுப்பிலிருந்து நாலு கிலோ வெட்டி அங்கே வைக்க முடியாதா என்று பைத்தியக்காரி போல் நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

தியேட்டர் அடுப்படி மாதிரி ஆனது. சர்ஜன் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணுக்குப் போனது, நான் ஒற்றி ஒற்றி எடுத்தேன். கசிவு மெல்ல மெல்ல நின்றது. தைத்து முடித்தார்கள்.

ஆனால் என் வீட்டுக்காரரை எழுப்பவில்லை. உடம்பு குளிர்ந்து கிடக்கும்போது மயக்க மருந்து சீக்கிரம் கரையாது, அரைகுறையாக எழுப்பினால் மூச்சு சரியாக வராது என்றார் டாக்டரம்மா. "சூடு ஏறட்டும். அதுவரைக்கும் நான் இங்கதான் இருக்கேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். குழாய் வழியாக அவருக்குக் காற்று போய்வந்தது. நான் மறுபக்கம் நின்று மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எண் ஏறுவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை இரண்டு முறை முடிந்தது. நடுநடுவே எங்கே விட்டேன் என்று தெரியாமல் மறுபடி ஆரம்பித்தேன்.

"மேடம், ஏசிய நான்தான் வெச்சேன்" என்றேன். சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"தெரியும்."

"நீங்க எத்தினியோ வாட்டி சொன்னீங்க. நான் கேக்கல."

"சொல்லிச் சிரிச்சேன், இல்ல? சிரிக்காம சொல்லியிருக்கணும். ஒயரையும் மொதல்லயே போட்டிருக்கணும். சின்ன ஆபரேஷன்தானேன்னு விட்டேன்" என்றார். பிறகு தன் சால்வையை எடுத்து, என் வீட்டுக்காரர் தலையைச் சுற்றிப் போர்த்தினார். ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்த அவருக்கே அன்றைக்கு மேலுதட்டில் வேர்த்திருந்தது.

முப்பத்தாறைத் தொட்டதும் எழுப்பினார்கள். கண் திறந்தார். குழாயை எடுத்ததும் நடுக்கம் ஆரம்பித்தது. தாடை, தோள், கால் எல்லாம் தனித்தனியாக ஆடியது. கட்டில் சக்கரம் நகர்ந்துவிடாமல் ஆயாம்மா பிடித்துக்கொண்டார். நான் வார்டில் இருந்த போர்வை முழுவதையும் அள்ளி வந்து போட்டேன். அது போதாமல் மேலே குனிந்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். யார் பார்த்தால் எனக்கென்ன. நடுக்கம் நிற்கும்வரை விடவில்லை.

மறுநாள் காலை மெடிக்கல் கடை திறக்கும்போது நான் வாசலில் நின்றேன். சுவர்த் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவந்து, பழைய ஆணியிலேயே மாட்டினேன். ரிமோட்டைக் கொண்டுபோய் டாக்டரம்மா உட்காரும் ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி அடித்துத் தொங்கவிட்டேன். இனி என் முதுகைக் கேட்க வேண்டாம் என்று சர்ஜனிடம் சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, பழியை என் தலையில் மட்டும் போடாமல் அப்பால் போனார். அதற்கே எனக்கு அழுகை வந்தது.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் பேச்சு வந்தது. வார்டில் நானும் அவரும் மட்டும்தான். இளநீரை ஸ்பூனில் எடுத்து உதட்டில் விட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு வேர்த்தது, நான் ஏசியைக் கூட்டியது, அதனால் அவர் உடம்பு குளிர்ந்தது, ரத்தம் நிற்காமல் கசிந்தது, எழுப்ப முடியாமல் கிடந்தது. ஒன்றையும் மறைக்கவில்லை. திட்டட்டும், வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டட்டும், பரவாயில்லை என்றிருந்தேன்.

"தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"படுத்த ஒடனே குளிர ஆரம்பிச்சிடுச்சி. நீ ரிமோட்ட அமுக்கறதயும் பாத்துக்கினுதான் இருந்தேன். பல்லு கிட்டிச்சி."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "வாய் இன்னாத்துக்கு இருக்குது? ஊர்ல இருக்கற கிண்டலெல்லாம் பேச வருதில்ல? குளிருதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினார். தையல் இழுத்தது போலிருக்கிறது, முகத்தைச் சுளித்தார். "உன்னப் பாத்தேன். நெத்தியில வேர்த்து வேர்த்து ஊத்திக்கினு இருந்திச்சி. என்ன எப்பிடியும் தூங்க வெச்சிடப் போறாங்க, குளிர்றது எனுக்கு இன்னா தெரியப்போவுது? நீதான அங்க அவ்ளோ நேரம் நிக்கணும். உனுக்காவது கொஞ்சம் நல்லா இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

கையில் இருந்த ஸ்பூனை வைத்துவிட்டேன். எழுந்துபோய் அவர் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

"ஏன் நிறுத்தற? போடு. உனுக்கு வேர்க்கும்" என்றார்.

"வேர்க்கட்டும்" என்றேன்.